'எமனாக வந்த லாரி'யா? கொஞ்சம் இருங்க சார்!

தினசரிப் பேப்பரைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படுகிற தலைப்பு ஒன்று உண்டு. 'எமனாக வந்த லாரி!'

பழி முழுக்க லாரி மேல். அதற்கு வாய் இருந்தால் அது சொல்லுகிற கதை வேறாக இருக்கும்.

எமன் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது திருக்கடையூர்தான். பதினாறு வயசு மார்க்கண்டேயன் மேல் பாசக் கயிற்றை வீசப் போய், காலனே காலால் உதை வாங்கின ஸ்தலம். அமிர்தகடேஸ்வரர் - அபிராமி சந்நிதியில் வருஷம் பூராவும் மேளச் சத்தம்தான். அறுபது முடிந்தவர்களுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். கழுத்தில் மாலையோடு தாத்தா, புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு பாட்டி, பின்னாலேயே வேன் வேனாகப் பிள்ளை, பெண், மாப்பிள்ளை, பேரன், பேத்தி.

'இன்னும் ஆயுசைக் கொடு தாயே' என்று வேண்டிக்கொண்டு கிளம்பினால், கொஞ்ச தூரத்திலேயே மெயின் ரோடு. அங்கே வரிசையாக வருகிறது பாருங்கள், பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம்! நெல் மூட்டை, காரைக்கால் துறைமுகத்துச் சரக்கு, சிமென்ட், ஜல்லி, ஆயில் டேங்கர். நடுவில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு, ரோட்டையே அடைத்தபடி அசைந்து அசைந்து ஒரு வண்டி. இந்தக் கூட்டத்துக்குள்தான் ஆபீஸுக்கு லேட்டாகிவிட்டது என்று மயிலாடுதுறைக்குப் பறக்கிற நம்ம பைக் தம்பியும் நுழைகிறார்.

ஒரு காலத்தில் இந்தச் சரக்கில் கொஞ்சத்தை ரயில் சுமந்தது. 1926-ல் போட்ட மயிலாடுதுறை - தரங்கம்பாடி மீட்டர்கேஜ் லைன் இந்தப் பக்கமாகத்தான் போனது. 1986-ல் அதை மூடிவிட்டார்கள். அப்புறம் மூட்டையும் மனுஷனும் ஒரே ரோட்டில்.

ரோடு ஒன்று, பங்காளிகள் பலர். பங்காளிச் சண்டை வராமல் எப்படிப் போய் வருவது? அதுதான் விஷயம்.

எமலோகத்தில் ஒரு நாள் (சும்மா, ஒரு கற்பனை!)

எமன்: என்ன சித்ரகுப்தா, லெட்ஜரும் கையுமா முழிச்சுக்கிட்டு நிக்கறே?

சித்ரகுப்தன்: கணக்கு டாலி ஆகலை பிரபு! எண்பது வயசு வரைக்கும் ஆயுசு போட்டிருந்த பையன், இருபத்துநாலிலேயே வந்து கியூவில நிக்கிறான்.

எமன்: நான் போகவே இல்லையே! எருமைகூடத் தொழுவத்துலதான் கட்டியிருக்கு.

சித்ரகுப்தன்: அவனாவே வந்துட்டான் பிரபு. லாரிக்கும் மதகுச் சுவருக்கும் நடுவுல ரெண்டடி இடம் இருந்துச்சாம். 'பூந்துடலாம்'னு நினைச்சானாம்.

எமன்: (மார்பைத் தடவியபடி) மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கிட்டான். என்னால தொட முடியலை. இவனுங்க ஹெல்மெட் வாரைக்கூடக் கட்டமாட்டேங்கறானுங்களே!

சிரிப்பு இத்தோடு போதும். கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வராது. 2022-ம் வருஷம் இந்தியாவில் ரோடு விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் டூ வீலரில் போனவர்கள் மட்டும் 74,897. நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல்! தமிழ்நாட்டில் அந்த வருஷம் 64,105 விபத்துகள்; எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். அதாவது, நாள் ஒன்றுக்கு 49 வீட்டில் ஒப்பாரி.

டிரைவர் ஸீட்டில் ஏறிப் பாருங்கள்

பைக்கில் போகிற நமக்கு லாரி, யானை மாதிரி தெரிகிறது. 'இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறானே, இவனுக்கு ஊரே தெரியுமே' என்று நினைத்துக்கொள்கிறோம். தப்புக் கணக்கு அங்கேதான் ஆரம்பம்.

லாரி டிரைவரின் கண் தரையிலிருந்து எட்டடி போல உயரத்தில் இருக்கிறது. தூரத்தில் வருகிற பஸ் அவருக்கு நமக்கு முன்னாடியே தெரியும். ஆனால் பம்பருக்கு நேர் கீழே நிற்கிற சைக்கிள் பையன் தெரியமாட்டான். டீக்கடை வாசலில் லாரி நிற்கிறபோது அதன் மூக்கை உரசிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற பாட்டியும் தெரியமாட்டார். வண்டிக்குப் பின்னால் நேராக ஒட்டிக்கொண்டு வருகிறவர் சுத்தமாகத் தெரியமாட்டார். லோடு ஏற்றின லாரியில் காரில் இருப்பதுபோல நடுக் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கிற வசதி கிடையாது.

இதையெல்லாம்விட மோசமானது இடது பக்கம். நம் நாட்டில் ஸ்டீயரிங் வலது பக்கம். இடது கதவை ஒட்டி, கேபினுக்குக் கீழே வருகிற பைக்கை அவர் பார்க்க வேண்டுமானால், ஒரே ஒரு சைடு கண்ணாடிதான் கதி. அதிலும் விழாத இடம் நிறைய.

முன்னெல்லாம் அந்த இடத்துக்குக் கண்ணாக இருந்தவர் யார் தெரியுமா? கிளீனர்! தலையை வெளியே நீட்டி, 'வா... வா... வரலாம்... ஹோல்டேய்!' என்று கதவில் தட்டுவாரே, அவரேதான். சினிமாவில் காமெடிக்கு வைத்துவிட்டார்கள். நிஜத்தில் அவர்தான் லாரியின் இடது கண். இன்றைக்குச் செலவு கட்டுப்படியாகாமல் பல லாரிகளில் கிளீனர் கிடையாது. டிரைவர் ஒண்டிக்கட்டை. கண் போய்விட்டது, இடது பக்கம் புகுந்து போகிற நம் பழக்கம் மட்டும் போகவில்லை.

இதற்கு ஒரு சுலபமான சோதனை. லாரியின் சைடு கண்ணாடியைப் பாருங்கள். அதில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் நீங்களும் அவருக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. தெரியவில்லையா? அவரைப் பொறுத்தவரை நீங்கள் அந்த ரோட்டிலேயே இல்லை சாமி! ஹாரன் அடித்தாலும், இன்ஜின் சத்தத்தில் உங்கள் பைக்கின் 'கீச்' அவர் காதுக்குப் போய்ச் சேரும் என்று நிச்சயமில்லை.

மூணு பிட்ச் தூரம்

'பிரேக் போட்டா நிக்கப்போவுது' என்கிற தைரியம் இரண்டாவது தப்புக் கணக்கு.

மூன்று ஆக்ஸில் உள்ள பத்துச் சக்கர லாரிக்கு, 2018-ல் உயர்த்தப்பட்ட விதிப்படி, மொத்த எடை 28.5 டன் வரை அனுமதி. இரண்டு பேர் உட்கார்ந்த பைக் கால் டன் என்று வையுங்கள். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற லாரி ஒரு விநாடியில் ஓடுவது 16 மீட்டருக்கு மேல். நீங்கள் குறுக்கே வந்ததைப் பார்த்து, மூளை உத்தரவு போட்டு, கால் பெடலுக்குப் போக ஒன்றரை விநாடி. அதற்குள் 25 மீட்டர் காலி. இது ஏர் பிரேக். மிதித்த உடனே பிடிக்காது; காற்று குழாய் வழியே பின்சக்கரம் வரைக்கும் போய் அழுத்தம் ஏற வேண்டும். அதற்கு அரை விநாடி போல. இன்னொரு 8 மீட்டர். அதற்கப்புறம்தான் டயர் ரோட்டைப் பிடித்து வேகம் குறைய ஆரம்பிக்கும். நல்ல ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக் என்றாலும் 30 மீட்டருக்குக் குறையாது. கூட்டினால் 60 மீட்டரைத் தாண்டுகிறது. கிரிக்கெட் பிட்சை மூன்று தடவை நீட்டிப் போட்ட தூரம்! ஐப்பசி அடைமழையில், வழுவழுத்த டயரோடு, ஓவர்லோடும் சேர்ந்தால் பௌண்டரி கோட்டைத் தாண்டிவிடும்.

லாரியை முந்தினவுடன் அதன் மூக்குக்கு முன்னால் சரக்கென்று இடது பக்கம் வெட்டி நுழைகிறோமே, அப்போது அவர் கையில் இருந்த அந்த மூன்று பிட்சில் இரண்டரையை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். முன்னால் நாய் வந்தோ, ஸ்பீட் பிரேக்கர் வந்தோ நாம் பிரேக் போட்டால்? அவர் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அப்போது பேச்சே இல்லை. இருபத்தெட்டு டன் நிற்காது.

வலது பக்கம் போகிறதா, இடது பக்கம் திரும்புகிறதா?

நீளமான லாரி இடது பக்கச் சந்தில் திரும்பும்போது என்ன செய்யும் என்று கவனியுங்கள். முதலில் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கும். 'ஆஹா, வழி விடுகிறான்' என்று இடது பக்கம் நாம் நுழைந்தால், லாரி நம் மேலேயே திரும்பும். முன்சக்கரம் அகலமாக வளைந்து போனாலும், பின்சக்கரம் அதே வழியில் போகாது; உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நாம் நிற்கிற இடம், பின்சக்கரம் வரப்போகிற இடம். கும்பகோணத்து முடுக்கில் பஸ் திரும்புவதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இண்டிகேட்டர் சமாசாரம் இன்னும் வேடிக்கை. புத்தகப்படி வலது இண்டிகேட்டர் என்றால் 'நான் வலது பக்கம் திரும்புகிறேன்'. ஆனால் நம் லாரிகளின் சொந்த பாஷையில் அதற்கு 'எதிரே வண்டி வருது, ஏறாதே' என்றும் அர்த்தம். இடது இண்டிகேட்டர் என்றால் 'நீ போ தம்பி'. அதுவே 'நான் இடது பக்கம் நிறுத்தப் போகிறேன்' என்பதாகவும் இருக்கலாம். எந்த அகராதிப்படி போட்டார் என்பது போட்டவருக்கே வெளிச்சம். ஆகவே, வலது விளக்கு மின்னினால் எந்த அர்த்தமானாலும் சரி, முந்தாதீர்கள். இடது விளக்கு மின்னினால் அதை 'பர்மிஷன்' என்று எடுத்துக்கொள்ளாமல், உங்கள் கண்ணால் ரோட்டைப் பார்த்த பிறகு போங்கள். அவர் சைகை காட்டினார் என்று எதிரே வருகிற பஸ்ஸிடம் சொல்ல முடியாது!

ஒரு வரவு - செலவு கணக்கு

நமக்குக் கணக்குதான் பிடிக்கும். போட்டுப் பார்ப்போம்.

லாரி 45 கிலோமீட்டரில் போகிறது. நீங்கள் 60-ல் முந்துகிறீர்கள். லாரி நீளம் 10 மீட்டர். பின்னால் 15, முன்னால் 15 மீட்டர் இடைவெளி. ஆக, லாரியைவிட நீங்கள் 40 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் 15 கிலோமீட்டர்தான் என்பதால் இதற்குப் பத்து விநாடி பிடிக்கும். அந்தப் பத்து விநாடியில் நீங்கள் ஓடுவது சுமார் 160 மீட்டர். எதிரே 70-ல் ஒரு கார் வந்தால் அது ஓடுவது சுமார் 190 மீட்டர். மொத்தம் 350 மீட்டர் காலி ரோடு உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் முந்தலாம்.

டெல்டாவின் உள்ரோடுகளில் 350 மீட்டர் நேராகத் தெரிகிற இடம் எத்தனை? வாய்க்கால் வளைகிற இடமெல்லாம் ரோடும் வளையும். நடுநடுவே குறுகலான மதகு. ஒதுங்கலாம் என்றால் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல்.

சரி, முந்தி என்ன லாபம்? மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூர் சுமார் 22 கிலோமீட்டர். சராசரியாக 50-ல் போனால் 26 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 60-ல் போனால் 22 நிமிஷம். மிச்சம் நாலு நிமிஷம் சொச்சம். ஆபீஸில் போய் டீ சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேரம்! செலவுப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்த ரோட்டுக்கே உரிய சங்கடங்கள்

★ அறுப்புக் காலம். குறுவைக்குப் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா, தாளடிக்குத் தை முதல் பங்குனி வரையிலும் டெல்டா ரோடுகளில் பாதி களமாகிவிடும். நெல்லைக் காயவைத்துச் சுற்றிலும் கல்லை வைத்திருப்பார்கள். லாரி அதற்காக வலது பக்கம் ஏறும். நீங்கள் அதன் பின்னாலேயே ஒட்டிப் போனால் அந்தக் கல் உங்களுக்குக் கடைசி விநாடியில்தான் தெரியும். நெல் மேல் பைக் டயர் ஏறினால், கோலிக்குண்டு மேல் நடக்கிற கதைதான். 

★ கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை ஏற்றக் காத்து நிற்கிற லாரி வரிசை, ராத்திரியில் விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர், ஊர் ஊராகப் போகிற அறுப்பு மெஷின். இந்தச் சீஸனில் ராத்திரிப் பயணத்தில் வேகத்தைப் பத்துக் கிலோமீட்டர் குறைத்தால் நஷ்டமில்லை.

★ ஆவணியில் வேளாங்கண்ணித் திருவிழா. ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை. காவி உடுத்திக்கொண்டு நடந்தே வருகிற பக்தர் கூட்டம் கடற்கரை ரோட்டில் வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் நடக்கும். லாரிக்காரர்களுக்கும் நமக்கும் அந்தப் பத்து நாள் பிரத்தியேக எச்சரிக்கை. நடக்கிறவர்கள் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

★ திருக்கடையூர்க் கல்யாண வேன்கள். விடியற்காலை ஹோமத்துக்கு ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வருகிற டிரைவர், மறுபடி மத்தியான விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டு உடனே கிளம்புவார். பின் ஸீட்டில் அறுபது வயசு மாப்பிள்ளை. டிரைவரை இரண்டு மணி நேரம் தூங்கவிட்டுக் கிளம்பினால், அதைவிடப் பெரிய சாந்தி பரிகாரம் கிடையாது.

லாரி அண்ணன்களுக்கு...

ஒரு பக்கமே பேசினால் நியாயமில்லை. அவர்களுக்கும் நாலு வார்த்தை உண்டு.

தூக்கம்தான் முதல் எதிரி. விடியற்காலை இரண்டிலிருந்து நாலு, மத்தியானம் இரண்டிலிருந்து நாலு. இந்த இரண்டு வேளையும் உடம்பே தூக்கத்தைக் கேட்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் சுதாரிப்பு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருக்குச் சமம் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். நம் சட்டம் அனுமதிப்பதே 30 மில்லிகிராம்தான். ஆக, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே 'தண்ணி கேஸ்'!

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா என்று ஓடுகிறவருக்கு அந்தச் சட்டம் சோறு போடுவதில்லையே! அதனால் இந்தப் பழியில் டிரைவருக்கு மட்டுமில்லை, 'விடியறதுக்குள்ள லோடு இறங்கணும்' என்று போனில் விரட்டுகிற முதலாளிக்கும், சரக்குக்குச் சொந்தக்காரருக்கும் பங்கு உண்டு. ஒரு நல்ல சேதி: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளுக்கு ஏ.ஸி. கேபின் கட்டாயம். வெந்து சாகிறவரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது என்பது ஒருவழியாக மேலே இருப்பவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

அடுத்தது, பிரேக்டவுன். வண்டி நின்றதும் பச்சை மரக்கிளையை ஒடித்துப் போட்டு, நாலு கருங்கல்லை வைக்கிறார்கள். ரிப்பேர் முடிந்ததும் வண்டி போய்விடும். கல் அங்கேயே குடியிருக்கும். இருட்டில் அதன் மேல் ஏறுகிறவன் யார் பெற்ற பிள்ளையோ! முக்கோண ரிஃப்ளெக்டரை வண்டியிலேயே வைத்திருங்கள். கொஞ்சம் தள்ளி, தூரத்திலேயே தெரிகிற மாதிரி வையுங்கள். போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, லோடு. ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்தில் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று டன் அதிகம் ஏற்றினால் 26,000! அந்த டிரிப்பின் லாபத்தோடு அடுத்த டிரிப்பும் சேர்ந்து போகும். பின்னால் இரும்புக் கம்பி துருத்திக்கொண்டு வருவதும், சேறு பூசின ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும், லாரிக்கு அடியில் பைக் நுழையாமல் தடுக்கிற சைடு கார்டையும் பின் கார்டையும் கழற்றி வைப்பதும் கொலைக்குச் சமம். திருப்பத்தில் புறப்படுமுன் ஒரே ஒரு தடவை இடது கண்ணாடியைப் பாருங்கள் அண்ணே. கிளீனர் பார்த்ததை இப்போது நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எதிரே வண்டி வந்தால் 'டிம்' அடிப்பது, மரியாதை மட்டுமல்ல. அந்தப் பைக் பையன் கண் கூசி உங்கள் மேலேயே வந்து விழுந்தால், கோர்ட்டுக்கு அலையப் போவது நீங்கள்.

அப்படியும் நடந்துவிட்டால்...

ரோட்டோரம் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், 'போலீஸ், கேஸ்னு அலையணுமே' என்று பயந்து ஒதுங்கிய காலம் உண்டு. இப்போது அந்தப் பயம் வேண்டாம். 2016-ல் சுப்ரீம் கோர்ட் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். பேரைச் சொல்லவேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 108-க்கு போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளும் இதில் அடக்கம். அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்ற கேள்வியும் கிடையாது.

இன்னொன்று. கூட்டம் கூடி, லாரி டிரைவரை இழுத்துப் போட்டு அடிப்பதில் வீரம் எதுவும் இல்லை. அடிக்குப் பயந்து அவர் ஓடிவிட்டால், லாரிக்கு அடியில் கிடப்பவரை எடுக்க வண்டியை நகர்த்தத் தெரிந்த ஒரே ஆளும் போய்விடுகிறார்.

திருக்கடையூர் ரோட்டில் ஒரு விசேஷம் கவனித்தீர்களா? வடக்கே எமனை அடக்கின ஊர்; தெற்கே கொஞ்ச தூரத்தில் சனீஸ்வரன் இருக்கிற திருநள்ளாறு. இரண்டு பேரையும் ஒரே நாளில் சமாதானம் செய்துவிட்டு நிம்மதியாக ஊர் திரும்புகிற குடும்பங்கள் எத்தனையோ. நடுவில் இருக்கிற ரோட்டை மட்டும் அர்ச்சனை செய்து சமாளிக்க முடியாது. அங்கே கண்ணும் காலும் பிரேக்கும்தான் பரிகாரம்.

தம்பி, உங்களுக்கும் ஒரு நாள் இங்கே மாலை மாற்றிக்கொள்ள ஹால் புக் செய்யவேண்டி வரும். பேரன் பேத்தி எல்லாரும் கைதட்டுவார்கள். ஆனால் அதற்கு முதலில் ஐம்பத்தொன்பது வயசு ஆகித் தொலைய வேண்டுமே! அதுவரை லாரிக்கு இடது பக்கம் வேண்டாம்.